பிணை நின்ற பாஸ்போர்ட்

துபாய்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பின் வள்ளிநாயகிக்கு,

உம்முடைய கால்கள் இரண்டும் சுகமாக இருக்க வேண்டும். மற்றவற்றைப் பிறகு கேட்கிறேன். இங்கே நானும் மகள் கஜந்தினியும் சுகம். ஏசிக்குத்தான் சுகமில்லை. உம்முடைய கட்டில் பக்கம் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன்.

இதைக் கையால் எழுதி, தாள் தாளாகப் படம் பிடித்து உம்முடைய போனுக்கு அனுப்புகிறேன். விரலால் பெருப்பித்துப் படியும். போனில் கதைத்தால் நீர் அழுவீர், நான் சத்தம் போடுவேன், கஜந்தினி நடுவில் வந்து போனைப் பறிப்பாள். நேற்றும் அதுதானே நடந்தது. கடிதம் என்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் குறுக்கே வர முடியாது. எனக்கு அது வசதி.

அதற்குப் பிறகு நீர் அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். ரோமாபுரிக்குப் போய்ச் சேர முன்னம் பாஸ்போட்டைத் திருப்பி எடுங்கோ, இல்லாட்டி நான் அங்கயிருந்து நேர கொழும்புக்குப் பிளேன் ஏறிடுவன், கோண்டாவில் வீட்டைத் திறந்து தனிய இருந்துகொள்ளுவன் என்று சொல்லியிருக்கிறீர். பின்னால் ஆட்டு மணிச் சத்தம் கேட்டது. இத்தாலியில் ஆட்டு மந்தைக்கு முன்னால் நின்று துபாயில் இருக்கிற புருசனை வெருட்டிய முதல் ஆள் நீராகத்தான் இருக்கும்.

கௌரிசங்கர் எங்களுக்கு என்ன மாமனா மச்சானா என்றும் கேட்டிருக்கிறீர். உமக்குத் தெரிந்த கதைதான். தெரியாதவர் போலக் கேட்கிறபடியால் தெரியாதவருக்குச் சொல்வதுபோல் ஒரு தரம் சொல்கிறேன். அவன் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். நான் ஸ்டோர் கீப்பராக இருந்த அல் கூஸ் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். தளத்துக்குப் பதிக்கிற கல் அடுக்கு, இதற்கு மேல் ஏற்றினால் சரியும் என்று அவன் சொன்னான். மனேஜர் யல்லா யல்லா, கெதியாக ஏற்று என்றார். நான் அந்த இடத்தில் நின்றேன். ஏற்றினான், சரிந்தது. கீழே நின்ற பெஷாவர்க்காரரின் கால் நசிந்துபோனது. தான் ஒன்றுமே சொல்லவில்லை என்றார் மனேஜர். சொன்னார், என் காதால் கேட்டேன் என்றேன் நான். எனக்குக் கேக் வெட்டி, கை குலுக்கி, வயது போய்விட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவனைப் பொலிஸ் கொண்டுபோனது.

யாராவது பாஸ்போர்ட்டைக் கொடுத்துப் பிணை நின்றால் வழக்கு முடியும்வரை வெளியில் விடலாம் என்றார்கள். கம்பனி ஆட்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் வரவில்லை. அவனுடைய ரூம்காரர் எல்லாரும் லீவில் ஊருக்குப் போக இருந்தவர்கள். நான் கொடுத்தேன். யாரும் சொல்லித் தந்து நான் அரபு படித்ததில்லை. பால் பெட்டியிலும் கடைப் பலகையிலும் பார்த்துப் பழகிய எழுத்து. அதை வைத்து அந்தத் தாளை எழுத்துக் கூட்டிப் படித்து, விளங்கித்தான் கையெழுத்து வைத்தேன். ஒருத்தரும் என்னை ஏமாற்றவில்லை. இத்தாலி விசா ஒட்டின பக்கத்தோடு அது இப்போது பொலிஸ் அலுமாரியில் கிடக்கிறது. பெஷாவர்க்காரரின் கடைசி வைத்திய அறிக்கை வரவில்லை என்று நீதிபதி தள்ளிவைக்கிறார், பிறகும் தள்ளிவைக்கிறார். நான் போய்ப் பிணை வேண்டாம் என்று ஒரு கையெழுத்து வைத்தால் பாஸ்போர்ட் என் கைக்கு வரும். அன்றைக்கே அவனை உள்ளே போடுவார்கள். இவ்வளவுதான். இதில் விளங்காமல் இருக்க என்ன இருக்கிறது?

நீர் சைவக்காரியாக இருந்துகொண்டு மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறீர். ரோமாபுரி வரைக்கும் வாகனம் ஏறாமல் நடந்தால் என் பாஸ்போர்ட் வரும் என்று. மாதா பொலிஸ் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்து வைக்கப்போவதில்லை. எனக்கு நேர்த்தியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் வைத்த நேர்த்தியை மாற்றக் கூடாது என்பதில் நம்பிக்கை உண்டு. நீர் மாதாவுக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற மலை ஏறுகிறீர். நான் ஒரு மனிதனுக்குச் சொன்ன சொல்லை மட்டும் விட வேண்டுமாம். இதை நீர் நடக்கும்போது யோசியும். நடப்பதற்கு உமக்கு நிறைய வழி இருக்கிறது.

அந்த வான் வண்டி விசயம். அந்த வழிகாட்டிப் பெண், இந்தத் துண்டு முழுக்கக் கார் ஓடுகிற ரோட்டு, பார்க்க ஒன்றும் இல்லை என்று சொல்லி எல்லாரையும் வானில் ஏற்றினாள், நீர் மட்டும் ஏறாமல் நின்றீர், கடைசியில் அதே நடைக்கு வந்த ஷிரின் பிள்ளை உமக்குத் துணையாக இறங்கி நடந்தாள் என்று கஜந்தினி சொன்னாள். கந்தோரில் கஜந்தினிக்குப் பக்கத்து மேசையில் இருக்கிற பிள்ளைக்கு இருக்கிற இரக்கம் பெரியது. அவளுக்கு என் நன்றியைச் சொல்லும். ஆனால் நீர் செய்தது சரி. அழகான இடத்தை மட்டும் நடந்துவிட்டு மற்றதற்கு வான் ஏறினால் அது யாத்திரை இல்லை, சுற்றுலா. அந்தக் காலத்து ஆட்கள் சேற்றையும் கள்ளரையும் தாண்டித்தானே அந்த வழியால் ரோமாபுரிக்குப் போயிருப்பார்கள். வானில் ஏறாதேயும்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்கென்று கஜந்தினி இரண்டு பேருக்குப் பதிந்த நடை இது. முடிந்த கையோடு கோண்டாவிலுக்குப் போய்விடுவது என்று பெட்டியும் கட்டினோம். உம்முடைய பெட்டி போய்விட்டது. என்னுடையது கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கஜந்தினி அதில் காலை அடித்துக்கொள்கிறாள், ஆனால் அதைத் திருப்பி அலுமாரிக்குள் வை என்று அவளும் சொல்லவில்லை, நானும் வைக்கவில்லை.

இந்த வீட்டு யன்னல் திறக்காது என்று உமக்குத் தெரியும். வெளியே இன்னும் நெருப்பு வெயில். பிள்ளை வேலைக்குப் போனதும் லிஃப்டில் இறங்கி, நிலத்துக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கொஞ்சம் காலை நீட்டுகிறேன். வோச்மேன் பீகார்க்காரன், அவன் மொழியில் சித்தப்பாவுக்குச் சாச்சா. சாச்சா, எந்தக் கார் உங்கட என்று கேட்டான். கார் இல்லை என்றேன். அதற்குப் பிறகு என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

சாப்பாட்டைக் கவனியும். அவித்த போஞ்சி விதையும் பாணும்தான் கிடைக்கிறது என்றால், நீர் மருந்துப் போத்தலில் கொண்டுபோன மிளகாய்த்தூளைத் தூவிச் சாப்பிடும். வெட்கப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
சொன்ன சொல்லில் நிற்கும்
தியாகராசா


துபாய்,
வியாழன்.

வள்ளிநாயகி அறிவது,

நீரும் மகளும் சேர்ந்து இப்படிச் செய்வீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கஜந்தினி இன்று வேலைக்குப் போகிற அவசரத்தில், லிஃப்டுக்குள் நின்றுகொண்டு, அப்பா, உங்களுக்குச் சொல்ல மறந்துபோனன், உங்கட பாஸ்போட்டும் அம்மாவிட்டதான் இருக்கு, போற இடமெல்லாம் சீல் அடிச்சுக்கொண்டு போறா என்று சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னாள். நான் என்ன என்று கேட்க முன்னம் கதவு மூடிவிட்டது. போன் எடுத்தேன், மீட்டிங் என்று செய்தி வருகிறது. உமக்கு எடுத்தேன், உமக்கு அங்கே சிக்னல் இல்லை. நல்ல வசதியான நேரம் பார்த்து இல்லை.

பிணை வேண்டாம் என்று என் கையெழுத்தை யார் போட்டது? எந்த வக்கீலைப் பிடித்தீர்கள்? யாரிடம் கொடுத்து அனுப்பினார்கள்? ஆள் இல்லாமல் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் சீல் அடிக்கிற நாடு என்ன நாடோ தெரியவில்லை. அதற்கும் ஏதோ வழி கண்டுபிடித்திருப்பீர்கள். எல்லாம் என் நன்மைக்கு என்பீர்கள். நாற்பது வருசமாக என் நன்மைக்கு என்று நீர் செய்ததெல்லாம் எனக்குத் தெரியாமல் செய்ததுதான்.

கௌரிசங்கரும் போன் எடுக்கவில்லை. பிடித்துக்கொண்டு போயிருந்தால் போன் எப்படி எடுப்பான்?

நான் அல் கூஸுக்குப் போகிறேன். அவன் அங்கே இல்லையென்றால் நீர் கொழும்புக்குப் போகலாம், கோண்டாவிலுக்குப் போகலாம், திரும்பியே பார்க்க வேண்டாம். பஸ் வந்துவிடும்.

தியாகராசா


துபாய்,
வெள்ளிக்கிழமை.

அன்பின் வள்ளிக்கு,

நேற்று அனுப்பிய தாளை அழித்துவிடும். அழிக்காவிட்டாலும் பரவாயில்லை. கோபம் சரியான கோபம், தகவல்தான் பிழை.

என்ன நடந்தது என்று கஜந்தினி உமக்குச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாத பகுதியை நான் எழுதுகிறேன்.

பஸ்ஸால் இறங்கி, கராஜ்களுக்குப் பக்கத்தால் வெயிலில் நடந்து அவனுடைய தொழிலாளர் கேம்புக்குப் போனேன். வாசல் முழுக்கச் சப்பாத்து. உள்ளே இரவு டியூட்டி முடித்தவர்கள் முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு படுத்திருந்தார்கள். கௌரிசங்கர் கீழ்க் கட்டிலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். போன் சுவரில் சார்ஜில் தொங்கியது. அவனைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது, ஆனால் மூச்சு வாங்கினபடியால் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். வெங்காயத்தை வைத்துவிட்டுக் கையைக் கழுவினான். ஆணியில் கிடந்த நல்ல சட்டையைப் போட்டான். கட்டிலுக்கு அடியில் குனிந்து ஒரு சின்னப் பையை இழுத்துத் தோளில் மாட்டினான். போலாங்கய்யா என்றான்.

எங்கே என்று கேட்டேன். ஸ்டேஷனுக்குத்தானேங்கய்யா என்றான்.

வள்ளி, அந்தப் பையில் இரண்டு சாரம், துவாய், சோப்பு, வயிற்று மருந்து, பிள்ளைகளின் படம் ஒன்று. நான் பிணை நின்று அவனை வெளியில் எடுத்த அன்றைக்கே அதைக் கட்டி வைத்தானாம். நீங்க எப்ப வந்து கூப்பிட்டாலும் நான் லேட் பண்ணிரக் கூடாதுன்னு வச்சிருக்கேன், அம்மா வெளிநாட்டுல தனியா நடக்கிறாங்கன்னு கேள்விப்பட்டேன், பாவம், இத்தனை நாள் நீங்க விட்டதே பெருசு என்றான். முகத்தில் கோபம் இல்லை, குறை இல்லை. கோபித்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். நான் யாருக்குத்தான் பதில் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.

விசரா, பையை வை என்றேன். அவனுக்கு விசர் என்றால் என்னவென்று தெரியாது. ஏதோ அரபுச் சொல்லாக்கும், ஸ்டேஷனில் சொல்ல வேண்டியதாக்கும் என்று நினைத்து, விசராவா, அது யாருங்கய்யா, ஆபீசரா என்று கேட்டான். பைத்தியக்காரன் என்று உங்கள் பாசையில் சொல்வீர்களே, அது நீதான் என்றேன். மேல் கட்டிலில் துவாய்க்குள் இருந்து ஒருத்தன் சிரித்தான்.

பிறகு இருத்தி வைத்துச் சோறு போட்டான். புளிக்குழம்பு. உம்முடையதைவிடப் புளி கூட. சாப்பிடும்போதுதான் கஜந்தினி போன் எடுத்தாள். அந்த நடையில் போகிறவர்களுக்கு யாத்திரைக்காரர் பாஸ்போர்ட் என்று ஒரு மடிப்பு அட்டை கொடுப்பார்களாம். கோயிலிலும், தங்குகிற மடத்திலும், கோப்பி குடிக்கிற கடையிலும்கூட அதில் சீல் அடிப்பார்களாம். இரண்டு பேருக்குப் பதிந்தபடியால் இரண்டு அட்டை வந்ததாம். ஒன்றில் என் பேரை எழுதி, நீர் போகிற இடமெல்லாம் உம்முடையதோடு சேர்த்து நீட்டுகிறீராம்.

இதற்கு வேறு பேர் கிடைக்கவில்லையா? இந்த நாட்டில் இருந்துகொண்டு பாஸ்போர்ட் என்ற சொல்லை லிஃப்டுக்குள் நின்று விளையாட்டாகச் சொல்லலாமா? இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அது மேசை லாச்சிக்குள் கிடக்கிற ஒரு சாமான். அல் கூஸில் அந்தச் சொல்லைக் கேட்டால் படுத்திருக்கிறவன் துள்ளி எழும்புவான். நேற்று அந்த ரூமில் இரண்டு பேர் எழும்பி இருந்தார்கள்.

கௌரிசங்கருக்கு விளங்கப்படுத்தினேன். அப்ப உங்களுக்கு ரெண்டு பாஸ்போர்ட்டு ஆயிருச்சுங்கய்யா, ஒண்ணு போலீஸ்கிட்ட, ஒண்ணு சாமிகிட்ட, ரெண்டு பேருமே சீக்கிரம் குடுக்க மாட்டாங்க என்றான். நானும் சிரித்தேன். பை மட்டும் திரும்பக் கட்டிலுக்கு அடியில் போனது. அதை அவிழ்த்து வை என்று நான் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நிலையில் நான் இல்லை.

இனி என் குறை. நடக்காத ஊருக்கு என் பேரில் சீல் வாங்குவது பொய். அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கத்தான் இரவு கஜந்தினியிடம் அந்த அட்டையின் படத்தைக் கேட்டு வாங்கினேன். என் பேரைத் தகப்பன் பேரோடு முழுதாக எழுதியிருக்கிறீர். கீழே எல்லா ஊருடைய சீலும் நீலமும் சிவப்புமாக வரிசையாக இருக்கிறது. வடிவாகத்தான் இருக்கிறது. படத்தின் மூலையில் துணி சுற்றின உம்முடைய கால் விழுந்திருக்கிறது.

அதைப் பற்றி நீர் ஒரு சொல் சொல்லவில்லை. கஜந்தினியை நெருக்கிக் கேட்ட பிறகு, ஷிரின் சொன்னதைச் சொன்னாள். பெருவிரல் நகம் கறுத்துக் கழலப் பார்க்கிறது, சப்பாத்துப் போட முடியவில்லை, துணி சுற்றிச் செருப்போடு நடக்கிறா, வழிகாட்டிப் பெண் கையைப் பிடித்து வானில் ஏறச் சொன்னால், எங்கட ஆள் விடமாட்டார் என்று போனைக் காட்டுகிறா என்று. செவ்வாய்க்கிழமை நான் எழுதிய தாளையா நீர் அவளுக்குக் காட்டினீர்? தமிழ் தெரியாதவளுக்கு?

வானில் ஏறும். நான் சொல்கிறேன், ஏறும்.

நீர் வானில் போகிற துண்டுகளை நான் இங்கே நிலத்துக்குக் கீழே நடக்கிறேன். இன்று காலையே தொடங்கிவிட்டேன். காருக்கும் காருக்கும் நடுவால் போய், கடைசித் தூணைச் சுற்றி, மேலே ஏறுகிற சரிவு வரைக்கும் வந்து திரும்புகிறது. உங்கள் வழிகாட்டிப் பெண் சொன்னதுபோல் கார்தான், பார்க்க ஒன்றும் இல்லை. வோச்மேன் வந்து மறித்தான். சாச்சா, தினமும் எங்கேதான் போறீங்கள் என்றான். ரோமாபுரிக்கு என்றேன். அது எந்த மெட்ரோ ஸ்டேஷன் என்று கேட்டான். கடைசி ஸ்டேஷன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். இப்போது என்னைச் சந்தேகப்படுகிறதை விட்டுவிட்டான். தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்து தந்தான்.

உம்முடைய நேர்த்தியை விடச் சொல்லிவிட்டு, நான் மட்டும் என் சொல்லை விடமாட்டேன் என்றால் அது என்ன நியாயம் என்று கேட்பீர். நியாயம் இல்லைத்தான். ஆனால் வள்ளி, நீர் வானில் ஏறினால் மாதா பொறுத்துக்கொள்வா. அவ பையைக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கப்போவதில்லை. வைத்திய அறிக்கை வந்து வழக்கு முடியும்வரைக்கும் பாஸ்போர்ட் அந்த அலுமாரியில்தான் இருக்கும். நானும் இந்த யன்னலுக்குப் பின்னால்தான் இருப்பேன். எப்போது முடியும் என்று என்னைக் கேட்க வேண்டாம். அது நீதிபதிக்கே தெரியாது.

கொழும்புக்கு டிக்கெட் வேண்டுமென்றால் கஜந்தினியிடம் சொல்லும், அவள் போடுவாள். நான் மறிக்கமாட்டேன் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். கோண்டாவில் வீட்டில் தண்ணீர்ப் பம்பு பழுது. முதலில் அதைத் திருத்த ஆள் பிடியும். கிணற்றில் நீரே வாளி போட்டு இழுக்காதேயும், உமக்குத் தோள் நோகும். தனிய இருக்கிற வீட்டில் இரவில் முன் விளக்கை அணைக்க வேண்டாம்.

இன்னும் ஒன்றுதான். இதுவரைக்கும் என் பேரில் அடித்த சீலெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்கு நான் கீழே நடந்து கணக்குத் தீர்க்கிறேன். ஆனால் ரோமாபுரியில் அடிக்கிற கடைசிச் சீலை என் அட்டையில் அடிக்க விடாதேயும். உம்முடையதில் அடியும். என்னுடையதில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கட்டும். அந்த வாசலுக்கு என் கால் வந்து நிற்க வேண்டும், பக்கத்தில் நீர் நிற்க வேண்டும், அப்போது அடிக்கலாம்.

நகத்துக்கு மருந்து பூசும். ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளும். நீர் வைத்த நேர்த்தி உம்மைக் காப்பாற்றட்டும், எனக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும்.

அந்த அட்டையை நீரே கையில் கொண்டுவந்து என்னிடம் தர வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம். ஷிரினிடம் கொடுத்துவிடவும் வேண்டாம்.

உம்முடைய,
தியாகராசா